கட்சியும் குணமும்



இரண்டு கட்சிகள் உள்ள எந்த நாட்டிலும் கொள்கைப் பேச்சுக்குப் பக்கத்திலேயே வேறொரு பேச்சும் நடந்துவரும். “எங்கள் கட்சியார் பண்பானவர்கள்; அவர்கள் முரடர்கள்” என்பது அது. சில வேளைகளில் அது சற்றே உடை மாற்றி வரும். “எங்களுக்குச் சூடு சொரணை உண்டு, அவர்கள் சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவர்கள்” என்று வரும். கொள்கையைப் பற்றி வாதிட வேண்டுமானால் வரியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் ஏதேனும் தெரிந்திருக்க வேண்டும். குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. கல்லூரி விடுதிகளில் இந்தப் பேச்சு செழித்து வளர்வதற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மாணவ நேயர்களாகிய உங்களோடு இப்பேச்சின் தன்மையைச் சற்று ஆராய விரும்புகின்றேன். நம் ஊர்க் கட்சிகளின் பெயரைச் சொன்னால் கேட்பவரின் காதே உடனே கட்சி கட்டிக்கொள்ளும். ஆகவே நமக்கு உறவும் பகையும் இல்லாத தொலைநாட்டுக் கட்சிகள் இரண்டினை எடுத்துக்கொள்வோம். அவை இங்கிலாந்தின் விக் கட்சியும் டோரிக் கட்சியும் ஆகும்.

1679 முதல் 1681 வரை அந்நாட்டில் ஒரு பெரும்பூசல் நிகழ்ந்தது. இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் பின் பட்டம் பெற வேண்டியவர் அவர் தம்பி ஜேம்ஸ். ஜேம்ஸோ கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர். அவருக்கு அரியணை கூடாது என்றனர் ஒரு சாரார். வழிவழி வந்த உரிமையில் கைவைக்கலாகாது என்றனர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் அப்போது வழங்கிய பெயர்களைக் கேளுங்கள். அயர்லாந்தில் நிலம் இழந்து காட்டில் மறைந்து வழிப்பறி செய்து வாழ்ந்தவர்களைக் குறித்த சொல் ‘டோரி’. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் ஆயுதம் எடுத்த சமயக் கிளர்ச்சிக்காரர்களைக் குறித்த சொல்லின் குறுக்கம் ‘விக்’. ‘நீ கொள்ளைக்காரன்’ என்றான் ஒருவன். ‘நீ வெறியன்’ என்றான் மற்றவன். அந்த வசைகளே கட்சிப் பெயர்களாக நிலைத்துவிட்டன. இன்றும் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியாரை டோரிகள் என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆக, கொள்கை வரையறுத்துச் சொல்லப்படுவதற்கு முன்பே குணம் முத்திரை குத்தப்பட்டாயிற்று.

முப்பது ஆண்டுகள் கழிந்து ஆன் அரசியின் காலத்தில் இந்த முத்திரை முகத்திலேயே ஏறியது. அக்காலத்து லண்டன் நகரச் சீமாட்டிகள் அழகுக்காகக் கறுப்புப் பட்டுத் துணியை வெட்டி முகத்தில் பொட்டாக ஒட்டிக்கொள்வர். 1711இல் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் தாளில் அடிசன் எழுதிய கட்டுரை ஒன்று, நாடக அரங்கில் எதிரெதிரே அமர்ந்த இரு கூட்டத்துப் பெண்களைக் காட்டுகிறது. விக் கட்சிச் சார்புடையோர் நெற்றியின் வலப்புறத்தில் பொட்டு வைத்திருந்தனர். டோரிக் கட்சிச் சார்புடையோர் இடப்புறத்தில் வைத்திருந்தனர். விக் கட்சிப் பெண்ணொருத்திக்கு டோரிகளுக்குரிய பக்கத்தில் பிறவியிலேயே அழகிய மறு ஒன்று இருந்ததாம். அதைக் கண்டு ஆடவர் பலர் அவளிடம் தப்புக் கட்சி பேசி அவமானப்பட்டனராம். அடிசன் நகைச்சுவைக்காகச் சற்றே மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால், நெற்றிக் குறியைக் கண்டு ஆளை அளந்துவிடும் வழக்கம் நமக்கும் புதிதன்று. ஆதலால் அவர் சொன்னதை நம்புவதில் நமக்குத் தடையில்லை.

பொட்டுக்கு மட்டுமா பக்கம் இருந்தது? காப்பி குடிப்பதற்கும் இருந்தது. விக் கட்சியார் செயின்ட் ஜேம்ஸ் காப்பிக்கடையில் கூடினர்; டோரிகள் கோகோ ட்ரீ என்னும் கடையில் கூடினர். ‘கலிவரின் பயணங்கள்’ படித்த மாணவர்களுக்கு லில்லிபுட் நாட்டின் உயர்குதிக் கட்சியும் தாழ்குதிக் கட்சியும் நினைவிருக்கும். செருப்பின் குதி உயரத்தால் பிரிந்த அவர்கள் ஒருவரோடொருவர் உண்ணவும் பேசவும் மாட்டார்கள். 1726இல் ஸ்விப்ட் வரைந்த அந்தக் குட்டி மனிதர்கள் அவர் கண்முன் நடமாடிய லண்டன் மனிதர்களே.

இப்படி உண்பதும் குடிப்பதும் வேறாகிவிட்ட பிறகு, மற்றவனைப் பற்றிய அறிவு எங்கிருந்து வரும்? கேள்வியால்தான் வரும், கேள்வியோ சொந்தக் கட்சிக்காரன் வாயிலிருந்து வரும். டோரி என்றால் நரிவேட்டையாடிக் குடித்துக் கிடக்கும் நாட்டுப்புறப் பண்ணையார், படிப்பில்லாதவர், அயல்நாட்டாரைக் கண்டால் சீறுபவர். விக் என்றால் காசு எண்ணும் நகரத்து வணிகர், சிரிக்கத் தெரியாதவர், எதையும் மதியாதவர். இரு கட்சியாரும் தங்கள் சித்திரத்துக்குச் சான்று வைத்திருந்தார்கள். 1710 மார்ச்சில் சாக்கெவரல் என்ற பாதிரியாரை அன்றைய விக் அரசாங்கம் விசாரணைக்கு உட்படுத்தியபோது, டோரிச் சார்பான கூட்டத்தினர் லண்டனில் மாற்றுக் கிறித்தவப் பிரிவினரின் வழிபாட்டு இடங்களைச் சூறையாடினர். ‘பார்த்தீர்களா, அவர்கள் அப்படித்தான்’ என்றனர் விக் கட்சியார். 1715இலும் 1716இலும் விக் ஆதரவாளர்கள் பீர்க்கடைகளில் கழகம் கூட்டித் தடியேந்தித் தெருவில் இறங்கினர். அப்போது அதே சொற்களை டோரிகள் சொன்னார்கள்.

அடிசனைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அவர் விக் கட்சியைச் சேர்ந்தவர். கட்சிப்பகை மனிதரை விலங்காக்குகிறது என்று அவரைப் போல் நயமாக எழுதியவர் சிலரே. ‘ஸ்பெக்டேட்டர்’ தாளில் சர் ராஜர் டி கவர்லி என்ற கிராமத்துப் பெரியவர் தம் சிறுவயது அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். உள்நாட்டுப் போர்க்காலத்துப் பகை தணியாத நாள் அது. லண்டனில் ‘புனித ஆன் சந்து’ எங்கே என்று சிறுவன் ஒருவரைக் கேட்டான். அவர் தூய்மைச் சமயத்தார். ஆன் என்பவளைப் புனிதையாக்கியது யார் என்று சீறி, சிறுவனைக் கத்தோலிக்க நாய் என்று வைதார். பயந்துபோன சிறுவன் அடுத்தவரிடம் ‘ஆன் சந்து’ எங்கே என்று மட்டும் கேட்டான். அவரோ மறுபக்கத்தார்; புனிதையின் பட்டத்தை விட்டுவிட்டானே என்று அவரும் நாய் என்றே வைதார். அதன்பின் அப்பிள்ளை யாரிடமும் அந்தச் சந்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு சந்தாக நுழைந்து, ‘இதன் பெயர் என்ன?’ என்று கேட்டுக் கேட்டே தன் இடத்தை அடைந்தான்.

இக்கதையைச் சொல்லும் சர் ராஜர் ஒரு டோரி என்பதைக் கருதிப் பாருங்கள். விக் எழுத்தாளர் ஒருவர் டோரி ஒருவரை எவ்வளவு பரிவோடு எழுதியிருக்கிறார்! அவருடைய பிடிவாதங்கள் உண்டு, வேடிக்கைகள் உண்டு. ஆயினும் ஊரே நேசிக்கும் நல்ல மனிதராக அவர் நம் முன் நிற்கிறார். ஆனால் 1716இல் என்ன நடந்தது? விக் கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. டோரிகளின் தோள்பட்டை ஒடிந்திருந்தது. அப்போது அடிசன் தம் கட்சிக்காக நடத்திய ‘பிரீஹோல்டர்’ என்னும் தாளில் மற்றொரு டோரியை எழுதினார். அவருக்குப் பெயர் கிடையாது. ‘டோரி நரிவேட்டைக்காரர்’ என்பதே அடையாளம். அறியாமையும் வெறுப்பும் தவிர அவரிடம் பெரிதாக வேறொன்றும் இல்லை. எழுதிய கை ஒன்றே. எழுதப்பட்டவர் இருவரும் ஒரே கட்சி, ஒரே தொழில், ஒரே வேட்டை. ஆயினும் ஒருவர் மனிதர், மற்றவர் மாதிரி. பெயர் சொல்லி அழைத்துப் பழகிய ஒருவரை எழுதும்போது கண்ட குணங்கள், கட்சி என்ற மூட்டையை எழுதும்போது கண்ணில் படவில்லை. கட்சிப்பகையைக் கண்டித்தவரையே அது பிடித்துக்கொண்டது என்றால், ஏனையோரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அடிசனின் வாழ்வில் மிகக் கசப்பான அரசியல் பிரிவு டோரிகளோடு நேர்ந்ததன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகின்றேன். 1719இல் பிரபுக்கள் சபை பற்றிய மசோதா ஒன்றில், பள்ளி நாள் முதல் தோழராய், தம் கட்சியினராய் இருந்த ஸ்டீலோடுதான் அவர் பிணங்கினார். அவ்வாண்டு ஜூன் மாதம் அடிசன் இறந்தார். பிணக்குத் தீரவேயில்லை.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பழமொழி. சோற்றுக்கு அது சரியே. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஒரு பருக்கை வெந்தால் அடுத்த பருக்கையும் வெந்திருக்கும். கட்சி அப்படிப்பட்ட பானையன்று. அதில் தந்தை சொல்லி வந்தவர் உண்டு. சாதி பார்த்து வந்தவர் உண்டு. சாலை போட்டதற்காக வந்தவர் உண்டு. எதிர்க்கட்சித் தலைவரைப் பிடிக்காமையால் வந்தவரும் உண்டு. இதில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? போதாக்குறைக்கு, நாம் எடுக்கும் பருக்கையும் நேர்மையாக எடுத்ததன்று. நம் கட்சிக்கு அண்ணனையும் மாமாவையும் பக்கத்து வீட்டு ஆசிரியரையும் பதமாகக் கொள்கின்றோம். எதிர்க்கட்சிக்கு, பொதுக்கூட்டத்தில் நாற்காலியை வீசியவனைப் பதமாகக் கொள்கின்றோம். நம்மவன் நாற்காலியை வீசினால் அவனைச் சூழ்நிலை அவ்வாறு செய்யத் தூண்டியது. அவன் வீசினால் அது அவன் பிறவிக்குணம்!

இது பழைய லண்டனோடு போகவில்லை. இந்நோயை எண்ணிக்கையால் அளந்தவர்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். அங்கே குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் எதிரெதிர் நிற்கின்றன. உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சியாரை மணந்தால் வருந்துவீர்களா என்று 1960ஆம் ஆண்டளவில் மக்களைக் கேட்டார்கள். குடியரசுக் கட்சியாரில் 100க்கு 5 பேரும் ஜனநாயகக் கட்சியாரில் 100க்கு 4 பேருமே வருந்துவோம் என்றனர். 2010இல் ஏறத்தாழ அதே கேள்வியைக் கேட்டபோது அந்தத் தொகை 49 ஆகவும் 33 ஆகவும் ஏறிவிட்டது. எதிர்க்கட்சியார் ஏனைய அமெரிக்கரைவிட ஒழுக்கம் குறைந்தவர்கள் என்று கருதியவர்கள் 2016இல் குடியரசுக் கட்சியாரில் 100க்கு 47 பேர், ஜனநாயகக் கட்சியாரில் 35 பேர். 2022இல் 72 பேர், 63 பேர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு வரையில் இது வந்துவிட்டது என்பதன் பொருள் நம் நாட்டாருக்கு விளக்கவேண்டுவதில்லை.

அவர்கள் வெறுத்த எதிர்க்கட்சியார் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்? 2018இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, குடியரசுக் கட்சியாரில் 100க்கு 38 பேர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் வருவாய் உள்ள பெருஞ்செல்வர் என்று மக்கள் சராசரியாக மதிப்பிட்டனர். உண்மையில் அத்தகையோர் 100க்கு 2 பேர் அளவே. ஜனநாயகக் கட்சியாரில் 100க்கு 32 பேர் தன்பால் ஈர்ப்பினர் என்று எண்ணினர். உண்மையில் 6 பேர் அளவே. அதாவது கட்சியின் சித்திரம் ஒரு மூலையில் இருக்கும் சிலரின் சித்திரம். அதையே பெரிதாக்கி எல்லார் முகத்திலும் மாட்டிவிட்டார்கள். 2019இல் வந்த மற்றோர் ஆய்வு உங்களைப் போன்ற படிப்பாளிகள் சற்று நின்று கேட்க வேண்டியது. செய்திகளை ஓயாமல் தொடர்பவர்கள், எப்போதோ ஒரு முறை பார்ப்பவர்களைவிட எதிர்க்கட்சியாரின் கருத்துகளை மிகுதியாகத் தவறாக மதிப்பிட்டனர். ஜனநாயகக் கட்சியாரிடையே படிப்பு ஏற ஏறத் தவறும் ஏறியது. படித்தவர் படித்தவரோடு மட்டுமே பழகுவதால் இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, ஊர்ப் பேச்சு தவறலாம். விஞ்ஞானிகள் அளந்தால் கட்சிக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்துவிடாதா? இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். அமெரிக்க அரசியல் ஆராய்ச்சி ஏடு ஒன்றில் 2012இல் ஒரு கட்டுரை வந்தது. முரட்டுத் தன்மையையும் கடுமையையும் அளப்பதற்கு உளவியலார் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றின்படி, பழைமை பேணுவோர் மிகுதியான மதிப்பெண் பெறுகின்றனர் என்றும், முற்போக்கினர் குறைவாகப் பெறுகின்றனர் என்றும் அதில் கண்டிருந்தது. அறிஞர் பலர் அதனை எடுத்தாண்டனர். 2016இல் அதே ஏடு ஒரு திருத்தம் வெளியிட்டது. எண்களைக் குறித்த முறையில் தலைகீழ் மாற்றம் நேர்ந்துவிட்டதாம். உண்மையான முடிவு முற்றிலும் எதிரானதாம்! குணம் அரசியல் கருத்தை உண்டாக்குவதில்லை என்பதே கட்டுரையாசிரியர்களின் முக்கிய முடிவு; அதற்குத் திருத்தத்தால் பழுதில்லை என்று அவர்கள் கூறினர்; அது நியாயமே. ஆனால் என் கருத்து வேறோர் இடத்தில் நிற்கிறது. கணக்கு தலைகீழாய் இருந்தும் ஏன் அத்தனை காலம் உறுத்தவில்லை? படித்த பலர் முன்பே எண்ணியிருந்ததோடு அது ஒத்துப்போயிற்று. நாம் விரும்பிய விடை வந்துவிட்டால் கணக்கைச் சரிபார்க்க யாருக்குத் தோன்றும்? திருத்தம் வந்தபின் மறுசாரார் துள்ளிக் குதித்ததும் அதே நோய்தான்.

கட்சிகளுக்குள் வேறுபாடே இல்லையென்று நான் சொல்லவில்லை. ஒரு கட்சியின் தலைவர்கள் வன்முறையைத் தூண்டினால் அதைத் தூண்டுதல் என்றே சொல்ல வேண்டும்; செய்தவன் பெயரைச் சொல்லியே கண்டிக்க வேண்டும். ஆனால் ‘நாகரிகம்’ என்ற தராசைக் கையில் எடுக்கும்போது, தராசு பிடிப்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். ஆட்சிக் கட்டிலில் இருப்பவருக்கு மெல்லப் பேசுவது எளிது. கதவுக்கு வெளியே நிற்பவன்தான் கத்துவான். டோரிகள் ஆண்ட 1714 மார்ச்சில், கத்திய விக் எழுத்தாளர் ஸ்டீல். அவரைக் காமன்ஸ் சபையிலிருந்தே வெளியேற்றினார்கள். சில மாதங்களில் ஆன் அரசி இறக்க, விக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1715இல் டோரித் தலைவர் பாலிங்புரோக் பிரான்சுக்கு ஓடினார். மற்றொரு தலைவர் ஆக்ஸ்போர்டு பிரபு லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். பின்னர்த் திரும்பி வந்த பாலிங்புரோக் 1726 முதல் ‘கிராப்ட்ஸ்மன்’ என்ற தாளில் ஆட்சியாளரை ஓயாமல் தாக்கினார். இப்போது கத்துவது டோரியின் முறை, ‘எவ்வளவு அநாகரிகம்!’ என்று முகம் சுளிப்பது விக் கட்சியின் முறை. குணம் மாறவில்லை, நாற்காலி மாறிற்று. ஸ்டீல் எழுப்பிய கேள்விக்கோ, அவர் வெளியேறிய அன்று சபையில் ஒருவரும் விடை கூறியதாகிவிடவில்லை. எதிரியின் குணம் கெட்டது என்று முடிவு செய்துவிட்டால் கிடைக்கும் பெரிய வசதி இதுதான்: அவன் சொல்வதற்கு விடை தேட வேண்டியதில்லை.

லண்டனை விட்டுப் புறப்படுமுன் ஒரு விருந்துக்குச் சென்று வருவோம். அகராதி இயற்றிய டாக்டர் ஜான்சன் பழுத்த டோரி. 1755இல் வந்த தம் அகராதியிலேயே டோரி என்ற சொல்லுக்கு அன்போடு விளக்கம் எழுதி, விக் என்ற சொல்லை ஒரு கும்பலின் பெயர் என்று தள்ளிவிட்டவர். ஜான் வில்க்ஸ் அரசாங்கத்தையே ஆட்டிவைத்த கிளர்ச்சிக்காரர். அந்த அகராதியைக் கேலி செய்தவர். ஜான்சன் அரசரிடம் பெற்ற உதவிச் சம்பளத்தையும் எள்ளி எழுதியவர். ஜான்சனும் சும்மா இருக்கவில்லை. 1770இல் வில்க்ஸின் தரப்பைத் தாக்கித் தனிப் பிரசுரமே வெளியிட்டார். இவ்விருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று ஜான்சனின் சீடர் பாஸ்வெல்லுக்கு ஓர் ஆசை. நேரே அழைத்தால் பெரியவர் வரமாட்டார். ஆகவே, ‘வில்க்ஸ் போன்றவர்கள் இருந்தாலும் இருப்பார்களே, உங்களுக்குச் சங்கடமாகுமே’ என்று மெல்லக் கிள்ளிவிட்டார். பிறர் வீட்டுக்கு யார் வரலாம் என்று கட்டளையிடும் பண்பற்றவனா நான் என்று சினந்து ஜான்சன் புறப்பட்டுவிட்டார்!

1776 மே 15ஆம் நாள், டில்லி சகோதரர்கள் என்ற புத்தக வியாபாரிகள் வீட்டில் விருந்து. வில்க்ஸ் வந்திருப்பதை அறிந்த ஜான்சன் சன்னலோரம் போய்ப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் வில்க்ஸ் அவர் பக்கத்திலேயே அமர்ந்தார். நல்ல இறைச்சித் துண்டாக எடுத்து வைத்தார். குழம்பு வேண்டுமா, எலுமிச்சை பிழியட்டுமா என்று வீட்டு மாமியார் போல் உபசரித்தார். நல்ல சாப்பாட்டில் ஜான்சனுக்கு இருந்த பற்று ஊரறிந்தது. முதலில் முறைத்தார்; பிறகு தணிந்தார்; பிறகு பேசினார். இருவரும் சேர்ந்து சிரித்தது எதைப் பற்றித் தெரியுமா? ஸ்காட்லாந்துக்காரர்களைப் பற்றி! அந்த நாட்டின் வறட்சியைக் கேலி செய்வதில் டோரியும் கிளர்ச்சிக்காரரும் ஒன்றுபட்டனர். விருந்தை ஏற்பாடு செய்த பாஸ்வெல்லே ஸ்காட்லாந்துக்காரர். அவர் அதையும் பொறுத்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். ஒரு முத்திரையை அழிக்க மற்றொரு முத்திரை உதவிற்று என்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. ஆயினும் நடந்ததை நடந்தபடி சொல்வதே முறை.

கட்சியை அவர்களில் எவரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1781 மே மாதத்தில், அதே டில்லி வீட்டில் இன்னொரு விருந்து. மற்றவர்கள் கலைந்துபோன பிறகு பாஸ்வெல் சிறிது நேரம் வெளியே சென்று திரும்பினார். அறையில் ஜான்சனும் வில்க்ஸும் மட்டுமே இருந்தனர். நாற்காலிகளில் சாய்ந்து, தலையோடு தலை நெருங்க, இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கும் பிரஷ்ய மன்னருக்கும் முன்னொரு காலத்தில் நேர்ந்த சொந்தச் சண்டையைப் பற்றி மிகுந்த அக்கறையோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தனர்.